கார் ஆம்ப்ளிஃபயர் கெப்பாசிட்டரை பல்பு வைத்து சார்ஜ் செய்யுங்கள்

காலியான 1 ஃபாரட் கெப்பாசிட்டரை (ஆம்ப்ளிஃபயருக்காக சார்ஜைச் சேமித்து வைக்கும் பாகம்; ஃபாரட் அதன் கொள்ளளவின் அலகு) நேராக பேட்டரியில் மாட்டாதீர்கள். அந்த நொடியில் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். படீரென்று பொறி பறக்கும், முனை கருகும், ஃபியூஸும் போகலாம்.

மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் ஒயர் இப்போது வேண்டாம். கெப்பாசிட்டரின் நெகட்டிவை முதலில் பாடி எர்த்தில் (காரின் உலோக உடலில்) இறுக்குங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கக்கூடும், இரண்டு முறை பாருங்கள். பிறகு பேட்டரியின் பாசிட்டிவ் ஒயருக்கும் கெப்பாசிட்டரின் பாசிட்டிவுக்கும் நடுவே 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைப் பிடியுங்கள். எல்இடி ஆகாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். பளிச்சென்று எரிந்து, மெல்லச் சிவந்து, அணையும். மீட்டரில் பேட்டரி அளவு வோல்ட்டேஜ் வந்துவிட்டதா? இனி ஒயரை நேராக மாட்டலாம். பல்பு மங்கவே இல்லையென்றால் கெப்பாசிட்டர் உள்ளே ஷார்ட்.

சார்ஜ் ஆனதைத் தனியே கழற்றி வைத்தும் பாருங்கள். வோல்ட்டேஜ் மளமளவென இறங்கினால் கசிவு இருக்கிறது. டிஸ்பிளே உள்ள மாடலில் அந்த டிஸ்பிளேயே கொஞ்சம் கரண்ட் இழுக்கும், அதனால் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்.

கழற்றிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும். ஸ்பேனரை வைத்து முனைகளைச் சேர்க்காதீர்கள். அதே பல்பை இரு முனையிலும் வைத்தால் அணையும்போது பெரும்பாலும் காலியாகியிருக்கும்.