கடிக்கிற நாய்க்கு நிதி கேட்பது எப்படி?

பயத்தில் கடிக்கும் நாய், ஆளைக் கண்டாலே மூலையில் ஒடுங்கும் நாய் போன்றவற்றைப் பழக்கியெடுக்கும் காப்பகத்துக்குப் பணம் திரட்டுகிறீர்களா? "காப்பகத்துக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு நாயைக் காட்டி அதன் மாதச் செலவைக் கேளுங்கள். இந்த வேலை பல மாதம் இழுக்கும். மாதம் 300 ரூபாய் தர 50 பேர் இருந்தால் 15,000 ரூபாய் நிச்சயம். பயிற்சியாளரை நடுவில் நிறுத்த வேண்டியிருக்காது. சாப்பாடும் மருந்தும் எல்லோருக்கும் புரியும். ஆனால் நீளக் கயிறு, வாய்க்கூடு, தனி அறை எல்லாம் எதற்கென்று ஒரு வரி எழுதுங்கள். கடித்த கதையையும் மறைக்க வேண்டாம். நாய் கையிலிருந்து முதன்முறை கோழித்துண்டு வாங்கியதை எட்ட நின்று வீடியோ எடுத்து அனுப்புங்கள், ஆனால் வீடியோவுக்காக அதைச் சீண்டவே கூடாது. பணம் தந்தவர்கள் நாயைத் தொட்டுக் கொஞ்சவும் விடாதீர்கள். பாவம், பழைய பயம் திரும்பிவிடும்.

அப்புறம், நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு காப்பகத்துக்கு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியையும் கேட்கலாம். அந்த நிதியை எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று சொல்லும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விலங்கு நலனும் இருக்கிறது. அதற்குக் காப்பகம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.