மலையில் மூத்த விஞ்ஞானியாகப் பொறுப்பேற்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரினங்களையும் அவற்றின் வாழிடங்களையும் பாதுகாக்கும் பணியில் மூத்த விஞ்ஞானி என்னும் பொறுப்புக்கு வருபவர், பெரும்பாலும் பல ஆண்டுகள் காட்டில் நடந்து தரவு சேகரித்தவராகவே இருப்பார். இளநிலை ஆய்வாளர் தவறு செய்தால் ஓர் ஆய்வுக்கட்டுரை பிழையாகும். மூத்தவர் தவறு செய்தாலோ, அவர் கையெழுத்திட்ட பரிந்துரையை நம்பித் துறை பணம் ஒதுக்கும், ஆட்கள் இறங்குவார்கள், ஒரு மலைச்சரிவின் தோற்றமே ஒரு தலைமுறைக் காலத்துக்கு மாறிப்போகும். நீலகிரியிலும் பழனி மலையிலும் நான் நேரில் கண்ட, சிலவற்றில் நானும் பங்குகொண்ட தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மரமில்லாத இடத்தைக் குறையுள்ள இடமாகக் கருதுவது. இந்த மலைகளின் உச்சிப் பகுதியில் பள்ளங்களில் சோலை எனப்படும் அடர்ந்த பசுமைக்காடும் மேடுகளில் புல்வெளியும் சேர்ந்தே இருக்கின்றன. திறந்த புல்வெளியில் குளிர்காலத்து உறைபனி இறங்குவதால் சோலை மரங்களின் கன்றுகள் அங்கே எளிதில் பிழைப்பதில்லை. காட்டை அழித்ததால் வந்த வெட்டவெளி என்று பலரும் நினைக்கும் இப்புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்பதை நீலகிரியின் சதுப்பு மண்ணில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியிருந்தும் ஆங்கிலேயர் இதைத் தரிசு என்று எழுதி வைத்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) என்ற அயல் மரத்தையும், மரக்கூழுக்காகக் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) இதன்மேல் நட்டுக்கொண்டே போயினர். பழனி மலையில் 1973க்குப் பிந்தைய நான்கு பதிற்றாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிப்படுத்தியது.

இதை அறிந்த விஞ்ஞானியும் மரக்கன்று நடுவிழா என்று அழைப்பிதழ் வரும்போது தயங்கி நின்றுவிடுகிறார். நன்கொடை தருபவருக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் என்ற கணக்கு வேண்டும்; புல் தூரைப் பிரித்து நட்டதைப் புகைப்படத்தில் காட்டினால் அவர் முகம் மலர்வதில்லை. அந்த இடத்தில் மென்மையாகப் பேசி ஒதுங்கிக்கொள்வது மரியாதைபோலத் தோன்றலாம். ஆனால் புல்வெளியில் கன்று நடக்கூடாது என்று எழுத்தில் சொல்லும் அதிகாரமும் கடமையும் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருக்கும். ஒருமுறை நான் சொல்லாமல் விட்டேன். நடப்பட்ட கன்றுகளில் பெரும்பாலானவற்றை அடுத்த பனிக்காலம் கருக்கிவிட்டது. ஆனால் குழி வெட்டப் புரட்டிய மண்ணில் முளைத்த களைச்செடிகள் அங்கே நிலைத்துவிட்டன.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. அயல் மரம் கெடுதல் என்று தெரிந்ததும் சீகைத் தோப்பை மொத்தமாக வெட்டித் தள்ளப் பரிந்துரைப்பதே அது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயிலும் தீயின் சூடும் பட்டால் விழித்துக்கொள்ளும். வெட்டி முடித்த சரிவில் முதல் மழைக்குப் பிறகு முழந்தாளிட்டுப் பார்த்தால், இறகு போன்ற இலையுடைய நாற்றுகள் கீரை விதைத்த பாத்திபோல் அடர்ந்து நிற்பதைக் காணலாம். விரலை ஊன்ற இடமிருக்காது. அவற்றை ஆண்டுதோறும் திரும்ப வந்து பிடுங்கவேண்டும். வெட்டுவதற்குக் கேட்கும் தொகையைவிடப் பின்தொடர்ந்து களையெடுக்கும் தொகையை அதிகமாகக் கேட்காத திட்ட அறிக்கை, என் கருத்தில், கையெழுத்திடத் தகாதது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு சீகை விதைக்குத் தெரியாது.

எல்லாத் தோப்பும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. கொடைக்கானல் பக்கம் முதிர்ந்த பைன், சீகைத் தோப்புகளின் நிழலில் காட்டு நாவலும் வேறு சோலை மரங்களும் தாமாகவே கன்றுவிட்டு வளர்வதைப் பார்க்கலாம். அங்கே தோப்பு, சோலைக்குச் செவிலித்தாயாக நிற்கிறது. புல்வெளிக்குள் இப்போதுதான் பரவும் இளஞ்சீகையை உடனே பிடுங்குவதும், சோலைக்கன்று ஏறிய பழந்தோப்பைத் தொடாமல் விடுவதும் ஒரே அறிவிலிருந்து பிறக்கும் இரண்டு முடிவுகள். தோப்புக்குள் நடந்து பார்க்காமல் வரைபடத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

அடுத்தது எண்ணிக்கையைக் கையாள்வதில் வரும் பிழை. தமிழ்நாடு அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது. அதன் கீழ் நடந்த கணக்கெடுப்பில் 2024இல் 1,031 என்றும் 2025இல் 1,303 என்றும் மதிப்பீடு வந்தது. மகிழவேண்டிய செய்தி இது. ஆனால் ஓராண்டில் வரையாடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருகிவிட்டது என்று மூத்த விஞ்ஞானி ஒருவர் பேட்டி கொடுத்தால் அது தவறு. பெட்டை வரையாடு ஓர் ஈற்றுக்குப் பொதுவாக ஒரு குட்டிதான் ஈனும், அந்தக் குட்டிகளிலும் பல முதலாண்டைத் தாண்டுவதில்லை. முக்கூர்த்தியில் விடியற்காலையில் ஒரு பாறை விளிம்பில் அமர்ந்திருக்கும்போது, எதிர்ச்சரிவில் பதினோரு ஆடுகளை எண்ணி முடிப்பதற்குள் கீழிருந்து மூடுபனி எழுந்து மூடிவிடும்; விலகியபின் ஏழுதான் தெரியும். ஆகவே இரண்டு ஆண்டுகளிலும் நடந்து பார்த்த பரப்பு எவ்வளவு, வானம் எப்படி இருந்தது, எண்ணியவர்களின் பழக்கம் என்ன என்று கேட்ட பிறகே வளர்ச்சி என்ற சொல்லை எடுக்கவேண்டும். இன்று மிகைப்படுத்தினால் நாளை எண் குறையும்போது, உண்மையிலேயே ஆபத்து என்று நாம் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு மலையில் கற்றதை அப்படியே மற்றொரு மலைக்குக் கொண்டுபோவதும் அடிக்கடி நடக்கிறது. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. சோலைக்கிளி என்ற சிறு பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும் தெற்கே வேறோர் இனமும் இருக்கின்றன. இந்தப் பறவைகளுக்கென்று தனிப் பேரினமே 2017இல்தான் வகுக்கப்பட்டது. மழையும் அப்படித்தான். நீலகிரியின் அவலாஞ்சியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது அதே மாவட்டத்துக் கோத்தகிரி வடகிழக்கு மழைக்காகக் காத்திருக்கும். அவலாஞ்சியின் நடவு அட்டவணையைக் கொடைக்கானலின் கிழக்குச் சரிவுக்கு அனுப்பினால் நாற்று வாடத்தான் செய்யும்.

ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு தடத்தைப் பார்த்து இது எப்போது போன விலங்கு என்று சொல்பவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் ஓர் இருளரோ குறும்பரோ பளியரோதான். அவர் சொன்னது அறிக்கையில் ‘கள ஆய்வில் கண்டறியப்பட்டது’ என்று மாறிவிடுகிறது. அவருடைய பெயரை அவர் சம்மதத்துடன் நன்றியுரையிலாவது சேர்க்கச் சொல்லும் செல்வாக்கு மூத்தவருக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமலிருப்பது அநீதி. தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு புல்லைத் தேடிச் செல்கிறார்கள். அது எங்கே அருகிப்போனது என்று மந்து எனப்படும் அவர்களது குடியிருப்பில் உட்கார்ந்து கேட்டால், பல சதுப்புகளின் நிலையை ஒரு மாலைப் பொழுதிலேயே அறிந்துகொள்ளலாம். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நாமாகவே வாக்குக் கொடுத்துவிட்டு வரக்கூடாது. நிறைவேற்ற முடியாத வாக்கின் சுமையை அடுத்துப் போகும் ஆய்வாளர் சுமக்கிறார்.

அரிய ஆர்க்கிட், கழுகின் கூடு போன்றவற்றின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடுகட்டும் நீர்மருத மரங்களைப் படம்பிடிக்க வருபவர்களின் கூட்டமே கூட்டுக்குத் தொல்லையாகும். கால்நடைச் சடலத்தின் வழியே கழுகுகளைக் கொன்ற டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைக்குத் தருவது 2006இலேயே தடைசெய்யப்பட்டும் எஞ்சிய கழுகுகள் இன்னும் நிம்மதியாக இல்லை.

இறுதியாக, குறிப்பேடுகளை ஒப்படைக்காமல் இடம் மாறிச் செல்லும் தவறு. முதுமலையில் 1988இல் அளந்து வைத்த 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பு இன்றும் பயன் தருவதற்குக் காரணம், முதலில் அளந்தவர்களின் எண்கள் அடுத்தவர் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததுதான். நம்மில் பெரும்பாலோரின் திட்டங்கள் மூன்றாண்டில் முடிகின்றன. நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006லும் 2018லும் எந்தச் சரிவில் எவ்வளவு பூத்தது என்று எழுதியவர்களில் சிலர் வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள், சிலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அந்தக் குறிப்பேடுகளை இப்போதே தேடி வாங்கி, படியெடுத்து, வனச்சரக அலுவலகத்தில் ஒன்றும் நிறுவனத்தில் ஒன்றுமாக வையுங்கள். 2030இல் மலையேறும் இளைஞர், ஒப்பிட்டுப் பார்க்க அவற்றைத்தான் கேட்பார்.