குழந்தையின் மூளை ஸ்கேனும் ஏ.ஐ.யும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் மூளையைப் பெரியவர் மூளையின் சின்ன அளவு என்று நினைத்துவிடுகிறோம். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மூளைக் கட்டியின் எல்லையை எம்.ஆர்.ஐ. படத்தில் வரையும் ஏ.ஐ. மாதிரிகளை ஒப்பிடும் 'பிராட்ஸ்' போட்டி 2012இல் தொடங்கியது. அதில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு வந்தது 2023இல்தான். அத்தனை காலமும் மாதிரிகள் பழகியது பெரும்பாலும் பெரியவர்களின் படங்களில். பெரியவருக்கு, கட்டியைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றியதும் க்ளியோமா (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி) பளிச்சென்று தெரிந்தால், வீரியமானதோ என்ற சந்தேகம் வரும். குழந்தைகளிடம் இந்தக் கணக்கு தலைகீழாகப் போகலாம். சிறுமூளையில் அடிக்கடி வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற க்ளியோமா வகை நன்றாகவே ஒளிரும்; ஆனால் அது கிரேடு 1, அதாவது வீரியம் மிகக் குறைந்தது; முழுதாக அகற்ற முடிந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. மூளைத்தண்டுக்குள் ஊறிப் பரவும் டி.ஐ.பி.ஜி. என்ற க்ளியோமா வகை பல நேரம் ஒளிர்வதே இல்லை. உயிருக்கு உலை வைப்பது அதுதான்.

அடுத்தது, ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டுவது. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு வரும் வீக்கம் கட்டி வளர்ந்ததுபோலவே தெரியும். அடுத்தடுத்த படங்களைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். பாஸ்டன் ஆய்வாளர்கள் 715 குழந்தைகளின் ஏறத்தாழ 4,000 ஸ்கேன்களைக் கொண்டு, அடுத்தடுத்த படங்களின் பலனை 2025இல் காட்டினார்கள். சிகிச்சைக்குப் பின் எடுத்த படங்களை வரிசையாகக் கற்ற மாதிரி, ஓராண்டுக்குள் க்ளியோமா திரும்புமா என்பதை 75 முதல் 89 சதவீதம் வரை சரியாகக் கணித்தது. ஒற்றைப் படத்தை மட்டும் பார்த்தபோது சுமார் 50 சதவீதம்தான். அது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

மாதிரியை உருவாக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே குழந்தையின் ஸ்கேன்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால், மாதிரி ஏற்கெனவே பார்த்த குழந்தையைத்தான் சோதனையில் மறுபடி பார்க்கும்; வரும் மதிப்பெண் பொய்.

பெற்றோர் செய்வது வேறு. ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஃபோனில் படம் எடுத்து, சாட்பாட்டிடம் "இது என்ன கட்டி?" என்று கேட்கிறார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான படங்களில் சிலதான் ஃபிலிமில் இருக்கும். ஃபோன் படத்தில் அதுவும் மங்கிவிடும். ஓரத்தில் குழந்தையின் பெயரும் மருத்துவமனை எண்ணும் மட்டும் தெளிவாகப் போய்ச் சேரும். அதற்குப் பதிலாக, ஸ்கேன் சென்டரில் டைகாம் ஃபைல்கள் (ஸ்கேன் படங்களின் அசல் டிஜிட்டல் வடிவம்) உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். பழைய சி.டி.க்களையும் சேர்த்து, குழந்தைகளின் மூளைக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய டாக்டரிடம் கொண்டுபோங்கள். அங்கே ஏ.ஐ. பயன்படுத்தினால், அது எந்த வயதுக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள்.