ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பலர் உடனே புதிய பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுற்றும். வழக்கமான வேகத்தில் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால், கோளாற்றைத் தீப்பொறியிலோ பெட்ரோலிலோ சிலிண்டரின் அழுத்தத்திலோதான் தேட வேண்டும்.

விடாமல் சாவியைத் திருகுவது அடுத்த தவறு. பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள். எரியாத பெட்ரோல் பிளக்குகளை நனைத்துவிடும். புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

சுற்றும் ஓசை வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் வேகமாகவும் வழுவழுப்பாகவும் கேட்டால், வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அந்த ஓசையைக் கேட்டபின் தயவுசெய்து மீண்டும் சாவியைத் திருகாதீர்கள். பல இஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும், அப்போது பெல்ட்டோடு முடிய வேண்டிய செலவு இஞ்சினைப் பிரிக்கும் செலவாகிவிடும்.

பெட்ரோல் பம்பைச் சோதிக்கத் தோட்டத்து விடியல் நல்ல நேரம். ரேடியோவையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டுச் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால், இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்னிருக்கைப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய 'உம்ம்' ஓசை கேட்கும். கேட்கவில்லை என்றால் உடனே பம்பை மாற்றிவிடாமல், முதலில் அதன் ஃபியூஸையும், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையும் பாருங்கள். ஓசை கேட்டாலும் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. அதை அறிய அழுத்தம் அளக்கும் கேஜ் வேண்டும்.

பிளக் கேபிளைக் கையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்; ஆளுக்கும் ஆபத்து, அந்த மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயிலும் (coil) கெடலாம். விலை குறைந்த ஸ்பார்க் டெஸ்டரே போதும். மீட்டர் பலகையில் சாவி விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், வண்டி சாவியை அடையாளம் காணாமல் இருக்கலாம்; மற்ற எதையும் தொடுவதற்கு முன் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் பம்ப், பிளக், காயில் மூன்றையும் மாற்றியபின் காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தார். காலையில் ஸ்டார்ட் ஆகும் அந்த வண்டி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் பிடிக்கும். சுற்றும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை. அதைப் பார்த்ததும் இஞ்சின் சுற்றுவதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சரின் மேல் சந்தேகம் வந்தது. சோதித்ததில், சூடானதும் அதன் சிக்னல் நின்றுபோவது தெரிந்தது.