மலையூரில் காய்ச்சல் நோட்டு வைப்பது எப்படி

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், மசினகுடி பக்கம் ஊருக்கு நாலு பேர் சேர்ந்தால் போதும், நோய்க் கண்காணிப்பை ஆரம்பித்துவிடலாம். ஒரு நீள நோட்டு, ஒரு பேனா, வாரத்தில் ஒரு நாள் வீடு வீடாக நடப்பதற்கு ஆள், இவ்வளவுதான் தேவை. விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோய் என்றாலே அது புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனத்தின் வேலை என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் பரிசோதனைக்கான மாதிரி ஒன்று புனேக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், முதலில் இங்கே யாராவது ஒருவர் "போன வாரம் ஓடைப் பக்கம் குரங்கு செத்துக் கிடந்தது, இந்த வாரம் அதே பக்கம் விறகுக்குப் போன ரெண்டு பேருக்குக் காய்ச்சல்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். குரங்கு செத்தது வனத்துறைக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிந்திருக்கும். மாடு செத்தால் கால்நடை மருத்துவருக்குச் செய்தி போயிருக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கிற ஆள்தான் பெரும்பாலான ஊர்களில் இல்லை. அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த மலைக்கு இது ஏன் அவசரம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். உண்ணி கடித்துப் பரவும், குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் கியாசனூர் காட்டு நோய் 1957ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பல வருடம் அது அந்தப் பக்கத்து நோயாகவே இருந்தது. 2012-13ல் பந்திப்பூரில் மனிதர்களுக்கு வந்தபோது, நீலகிரியிலும் வயநாட்டிலும் செத்துக் கிடந்த குரங்குகளிடம் அதே வைரஸ் இருந்தது தெரியவந்தது. பந்திப்பூர், முதுமலை, வயநாடு எல்லாம் நமக்குத்தான் மூன்று மாநிலம். உண்ணிக்கும் குரங்குக்கும் அது ஒரே காடு.

எதை எழுதுவது

முதலில் இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் லைன், பழங்குடி காலனி, படுகர்களின் ஹட்டி, தோடர்களின் மந்து என்று எதுவானாலும், ஒருவர் ஒரே நாளில் நடந்து முடிக்கிற அளவு வீடுகள் மட்டும் போதும். வீட்டுக்கு ஒரு எண் கொடுங்கள். நோட்டில் பெயர் வேண்டாம், எண்ணும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் போதும், ஏனென்றால் இந்த நோட்டு என்றைக்காவது கைமாறும், யாருக்கு என்ன நோய் என்பது ஊர் வாய்க்குப் போகக் கூடாது. எந்த எண் எந்த வீடு என்கிற பட்டியல் தனியாக ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

இடது பக்கம் முழுக்க மனிதர்கள், வலது பக்கம் முழுக்க விலங்குகள். மாடு, ஆடு, நாய், கோழி, குரங்கு, காட்டெருமை, வௌவால் என எது செத்தாலும், எது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டாலும் வலது பக்கத்தில் தேதி போட்டு இடத்தோடு எழுதுங்கள். நோட்டைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து கண்ணில் படுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஒன்றும் நடக்காத வாரத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் பக்கமாக விட்டால், அந்த வாரம் நோய் இல்லையா அல்லது நீங்கள் போகவில்லையா என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒரு வருட "இல்லை"கள் சேர்ந்தால்தான் உங்கள் ஊரில் மார்ச் மாதம் சாதாரணமாக எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும் என்பதே தெரியவரும், அது தெரிந்தால்தான் வழக்கத்தைவிடக் கூடுதல் எது என்று சொல்ல முடியும்.

காய்ச்சல்காரரிடம் கேட்பது

இதில்தான் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன தேதியை எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள். நமக்கு வேண்டியது காய்ச்சல் ஆரம்பித்த தேதி. சீட்டில் இருக்கும் தேதி அதற்கு நாலைந்து நாள் பின்னால் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் நோய் எங்கே பிடித்தது என்பது மாறிப்போகும். தேதி ஞாபகம் இல்லை என்பார்கள். சந்தைக்கு முன்னாலயா பின்னாலயா, சம்பளம் போட்ட அன்றைக்கு வேலைக்குப் போனீங்களா, மசினகுடிப் பக்கம் என்றால் பொக்காபுரம் திருவிழாவுக்கு எத்தனை நாள் கழித்து என்று கேட்டால் தேதி தானாக வந்துவிடும்.

அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் பின்னால் போய், எங்கெல்லாம் போனார் என்று கேளுங்கள். குரங்குக் காய்ச்சல் பொதுவாக உண்ணி கடித்த 3 முதல் 8 நாளில் வந்துவிடும். பழந்தின்னி வௌவாலிடமிருந்து வரும் நிபா 4 முதல் 14 நாள். ஸ்கிரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் பத்து நாள் வாக்கில் வரும், மூன்று வாரம் வரைகூட இழுக்கும். எலிக் காய்ச்சல் சில சமயம் அதையும் தாண்டி ஒரு மாதம் எடுக்கும். அதனால் விறகுக்கு, தேன் எடுக்க, மாடு மேய்க்க, கொழுந்து பறிக்க, உண்ணிச்செடி வெட்ட, மீன் பிடிக்க என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "காட்டுக்குப் போனீங்களா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், புலிகள் காப்பகத்துக்குள் போனதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வழக்குப் போடுவதற்காகக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வியை மறக்கவே கூடாது: வைத்தியத்துக்கு எங்கே போனீங்க? பந்தலூர் தாலுகாவில் முடியவில்லை என்றால் நிறையப் பேர் ஊட்டிக்கு ஏறுவதில்லை, சுல்தான் பத்தேரிக்கோ பெரிந்தல்மண்ணைக்கோ கோழிக்கோட்டுக்கோ போய்விடுகிறார்கள். அங்கே நோய் இன்னது என்று கண்டுபிடித்தாலும் அந்தத் தகவல் கேரளத்துக் கணக்கில் ஏறும், நோய் பிடித்த காலனி தமிழ்நாட்டில் இருக்கும். அதிகாரிகள் இடையில் இந்தத் தகவல் எந்த வேகத்தில் வந்து சேரும் என்பது நம் கையில் இல்லை. உங்கள் நோட்டில் அது அன்றைக்கே இருக்கும். 2018ல் கோழிக்கோடு, மலப்புறத்தில் நிபா வந்தபோது நாடுகாணி வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தினம் போய் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள், இந்தக் கேள்வியின் அருமை புரியும்.

உடம்பில் பார்க்க வேண்டியது

ஸ்கிரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது குரங்குக் காய்ச்சலின் உண்ணி அல்ல, கண்ணுக்கே தெரியாத வேறொரு சின்னப் பூச்சியின் குஞ்சு. அது கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், பீடியால் சுட்ட மாதிரி வட்டமாக, சுற்றிலும் சிவந்து. வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. அக்குள், இடுப்பில் பாவாடை நாடாவோ பெல்ட்டோ அழுத்துகிற இடம், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று துணி மறைக்கிற, மடிப்பு விழுகிற இடங்களில்தான் ஒளிந்திருக்கும். கறுத்த தோலில், வெளிச்சம் குறைந்த லைன் வீட்டுக்குள், டார்ச் இல்லாமல் பார்த்தால் கண்டிப்பாகத் தவறவிடுவோம். அதனால் டார்ச் கொண்டுபோங்கள், குழுவில் பெண்கள் இருக்க வேண்டும், பெண்களைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பொருக்கைப் பிய்க்கவும் கூடாது, அதையே எடுத்துப் பரிசோதித்து நோயை உறுதிசெய்ய முடியும்.

பொருக்கைக் கண்டால் அன்றைக்கே அவரை டாக்டரிடம் அனுப்பி, இந்த இடத்தில் இப்படி இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரையில் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோய் இது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிரையே எடுக்கும். கறுப்புப் பொருக்கு ஒன்றைப் பார்க்காமல் விட்டதால் ஒருவர் சாவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், கர்ப்பிணிக்கு வேறு மருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கறுப்புப் பொருக்கு கையிலோ முன்கையிலோ முகத்திலோ இருந்து, சுற்றிலும் நன்றாக வீங்கியிருந்தால், உடனே நோட்டின் வலது பக்கத்தைப் பாருங்கள். அந்த ஊரில் சமீபத்தில் மாடோ ஆடோ திடீரென்று செத்து, இவர் அதை உரித்தாரா, கறி போட்டாரா என்று கேளுங்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயும் வலிக்காத கறுப்புப் பொருக்காகத்தான் தோலில் வரும். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்கு மாடு செத்த கதை தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

செத்த விலங்கு கிடந்தால்

தொடாதீர்கள். நாலாபுறமும் ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள், தூரத்திலிருந்து ஒரு போட்டோ, இடத்தின் அடையாளம், பார்த்த நேரம், எத்தனை, அவ்வளவுதான் உங்கள் வேலை.

மந்தியோ குல்லாய்க் குரங்கோ என்றால் வனச்சரக அலுவலகத்துக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். குரங்கின் உடல் ஆறியதும் அதன் மேல் இருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றுவட்டாரத்துச் சருகில் பரவிவிடும். அடுத்து அந்தப் பக்கம் விறகுக்கு வருகிறவர் காலில்தான் அவை ஏறும். டிசம்பர் முதல் மே வரை இது இன்னும் முக்கியம், சின்ன உண்ணிகள் அதிகம் நடமாடுகிற காலம் அது. அழுகிவிட்டால் பரிசோதனைக்கு உதவாது, அதனால் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளாதீர்கள். அந்தத் தடத்தைக் கொஞ்ச நாளைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், மாடுகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மாடு என்றால் இன்னும் கஷ்டம். காலையில் நன்றாக இருந்த மாடு மாலையில் செத்து, வயிறு சீக்கிரமே உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் அடைப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடலை அறுத்தால் உள்ளே இருக்கும் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டு காலம் கிடக்கும். மசினகுடியை ஒட்டிய சீகூர் பக்கம் பட்டி மாடும் யானையும் காட்டெருமையும் ஒரே புல்லை மேய்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். 1962க்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். கால்நடை மருத்துவர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார், உடலை அறுக்காமலே தெரிந்துவிடும். பிறகு ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். இல்லாத குடும்பத்தில் செத்த மாட்டின் கறியும் தோலும் பணம்தான், "தொடாதே" என்று வெறுங்கையோடு போய்ச் சொன்னால் எடுபடாது. நஷ்டத்துக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு மனு எழுதிக் கொடுப்பதையும் உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரத்தை வெட்டுவது, பட்டாசு வெடித்து விரட்டுவது இரண்டும் வேண்டாம். கலைந்து அலைக்கழிகிற வௌவாலால்தான் ஆபத்து கூடும். அது கடித்த பழத்தைத் தின்னாமல் இருந்தால் போதும்.

நாய்க்கடி

குன்னூரில் 1907லேயே பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கென்று வந்த மாவட்டம் இது. ஆனாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவது இன்றைக்கும் பல வீடுகளில் நடப்பதில்லை, மஞ்சளும் சுண்ணாம்பும்தான் முதலில் கைக்கு வருகிறது. கழுவியதும் ஆஸ்பத்திரி. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), 3, 7, 28 ஆகிய நாட்கள். நோட்டில் இந்த நான்கு தேதியையும் முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்துங்கள். 28வது நாள் ஊசிதான் அதிகம் விட்டுப்போகிறது. கடித்த நாய் 10 நாள் உயிரோடு இருக்கிறதா என்பது வலது பக்கத்தில் வரட்டும்.

யாரிடம், எப்போது சொல்வது

கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், சுகாதார ஆய்வாளர் மூவரின் போன் எண்ணும் நோட்டின் அட்டையில் இருக்கட்டும். ஆரம்பிக்கும் முன்பே நோட்டை அவர்களிடம் காட்டிப் பேசிவிடுங்கள். நீங்கள் சொல்வது அவர்கள் வழியாகத்தான் மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவின் இணையத்தளத்தில் ஏறும். யாரும் எடுக்கவில்லை என்றால் 104.

வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாத சில உண்டு. ஒரே வாரத்தில் ஒரே இடத்துக்குப் போய் வந்த இரண்டு பேருக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு ரத்தக் கசிவோ, நினைவு தடுமாறுவதோ, மூச்சுத் திணறலோ. காய்ச்சலில் ஒரு சாவு. ஒரு குரங்குச் சாவு. இதில் எது நடந்தாலும் அதே மணி நேரத்தில் போன். சிக்னல் இல்லாத இடங்களில், முதல் பஸ் டிரைவரிடம் சீட்டு கொடுத்து அனுப்பும் ஏற்பாட்டை முன்னாலேயே பேசி வையுங்கள், மழைக்காலத்தில் டவர் விழுந்த பிறகு யோசித்தால் நேரம் போய்விடும்.

ரத்தம், உண்ணி, ஆய்வுக் குழு

நீங்கள் ரத்தம் எடுக்காதீர்கள். காட்டுக்குள் உண்ணி பிடிக்கவும் போகாதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். பூச்சியியல் பிரிவு ஆட்கள் வரும்போது கூடப் போய்ப் பாருங்கள். ஒரு மீட்டர் வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின் மேல் மெதுவாக இழுத்துத் திருப்பினால் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும், கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் கால் அசைவது தெரியும். அதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விடாமல் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார். உடம்பில் ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள், மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம்.

ஆய்வுக்கென்று வெளியூர்க் குழு வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே, எங்கள் மொழியில் யார் விளக்கப் போகிறார், முடிவை எந்தத் தேதிக்குள் யார் வந்து சொல்வார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேருமே மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியவர்கள். கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாமலேயே இருக்கிற குடும்பங்கள் இந்த மலையில் உண்டு. அது அநியாயம். பணியர் காலனியில் பணிய மொழி பேசுகிற ஒருவர் குழுவில் இல்லாமல் எந்தப் படிவத்திலும் கைநாட்டு வாங்க விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு தகவலுக்கும் இதே விதிதான். குரங்கின் மாதிரி முடிவு வந்ததா என்று வாரம் ஒரு முறை கேளுங்கள். வந்ததும், "ஒன்றும் இல்லை" என்ற முடிவாக இருந்தாலும், அந்தக் குரங்கை முதலில் பார்த்துச் சொன்னவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்து, சொன்ன தேதியை வலது பக்கத்தில் எழுதுங்கள்.