ராஸ்பெர்ரி பை 5-இல் ஹைலோ ஏஐ சிப்புக்கு டிரைவர் போடுவது எப்படி?

ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறிய கணினிக்காக ஹைலோ நிறுவனத்தின் ஏஐ சிப்போடு வந்த பலகைகளில் இரண்டைப் பற்றியது இந்தக் குறிப்பு. 2024 ஜூனில் வந்த ஏஐ கிட்டில், எம்.2 பலகை ஒன்றின் மேல் ஹைலோ-8எல் தனி மாட்யூலாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் திறன் 13 டாப்ஸ், அதாவது நொடிக்கு 13 லட்சம் கோடி கணக்குகள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஏஐ ஹேட் பிளஸ்ஸில் சிப் பலகையிலேயே இருக்கும். 13, 26 டாப்ஸ் என அதில் இரண்டு வகை உண்டு. இந்த இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் கீழே உள்ள வழி பொருந்தும். பை 4-இல் இதை மாட்ட இடமே கிடையாது.

இந்தச் சிப்புகள் கேமரா படங்களில் ஆள், வண்டி, நாய் என்று அடையாளம் காண்பதற்கானவை. சாட்பாட் ஓட்டலாம் என்று நினைத்து வாங்கியிருந்தால் ஏமாற்றம்தான்.

நிறுவப்போவது ஒரே ஒரு மென்பொருள் அல்ல. அடியில் பலகையும் பையும் தகவல் பரிமாறும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு (சுருக்கமாக பிசிஐ), அதன் மேல் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலுக்கான டிரைவர், பிறகு சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர், உச்சியில் நம் நிரல்கள் பேசும் ஹைலோஆர்டி நூலகம். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் கீழிருந்து மேலாகத்தான் தேட வேண்டும். கேபிள் சரியாக உட்காராத பலகைக்கு மென்பொருளை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். 'சூடோ' என்பது எஸ்-யு-டி-ஓ, 'ஈப்ராம்' இரண்டு 'இ'-யில் தொடங்கும்.

படி 1: மாட்டுவது

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆக்டிவ் கூலர் இருந்தால் அதை முதலில் மாட்டிவிடுங்கள், பிறகு கை நுழையாது. பலகையிலிருந்து வரும் தட்டையான கேபிளைப் பையின் பிசிஐ சாக்கெட்டில் செருக வேண்டும். சாக்கெட்டின் பூட்டை மெதுவாக மேலே தூக்கி, கேபிளைக் கோணாமல் நேராக இறக்கி, பூட்டை இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். "சிப் தெரியவில்லை" என்ற புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கேபிளைத்தான். 27 வாட் பவர் சப்ளை இருந்தால் நல்லது. பழைய போன் சார்ஜர் வேண்டாம்.

படி 2: இயங்குதளத்தைப் புதுப்பிப்பது

64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் தேவை. மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கருவியால் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. அப்புறம் 'சூடோ ஆர்பிஐ-ஈப்ராம்-அப்டேட்' அடித்தால் பூட்லோடரின் (பையைத் தொடக்கிவைக்கும் மென்பொருளின்) தேதி காட்டும். 2023 டிசம்பர் 6 அல்லது அதற்குப் பிந்தைய தேதி என்றால் சரி. பழையதாக இருந்தால் 'சூடோ ராஸ்பி-கான்ஃபிக்' திறந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பூட்லோடர் வெர்ஷன், லேட்டஸ்ட் என்று தேர்ந்தெடுங்கள். வெளியே வந்து முந்தைய ஈப்ராம் கட்டளையையே கடைசியில் '-ஏ' சேர்த்து ஓட்டி, ரீபூட் செய்யுங்கள்.

படி 3: வேகத்தைக் கூட்டுவது

இது ஏஐ கிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பை 5-இன் பிசிஐ இணைப்பு இயல்பாக இரண்டாம் தலைமுறை வேகத்தில் ஓடும். அதே ராஸ்பி-கான்ஃபிக்கில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பிசிஐ ஸ்பீடு என்பதில் 'யெஸ்' கொடுத்தால் மூன்றாம் தலைமுறைக்கு மாறும். ஹேட் பிளஸ் பலகை இதைத் தானாகவே செய்துகொள்ளும்.

இங்கே நின்று ஒருமுறை 'எல்எஸ்பிசிஐ' அடித்துப் பாருங்கள். பட்டியலில் ஹைலோவின் பெயரோடு ஒரு வரி இருக்க வேண்டும். டிரைவர் எதுவும் போடாமலே அந்த வரி வரும். வரவில்லை என்றால் படி 1-க்குத் திரும்புங்கள், மேலே போகாதீர்கள்.

படி 4: டிரைவர்

முதலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிகேஎம்எஸ்'. கெர்னல் மாறும்போது வெளியிலிருந்து போட்ட டிரைவரை அதற்கேற்ப மறுபடி கட்டித்தரும் கருவி இது. பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஹைலோ-ஆல்'. டிரைவர், ஃபர்ம்வேர், ஹைலோஆர்டி, கேமரா நிரல்களுக்கான டெமோ எல்லாம் இந்த ஒரே தொகுப்பில் வந்துவிடும். முடிந்ததும் மறக்காமல் ரீபூட்.

படி 5: சிப் பேசுகிறதா?

'ஹைலோஆர்டிசிஎல்ஐ எஃப்டபிள்யூ-கண்ட்ரோல் ஐடென்டிஃபை' என்று அடியுங்கள். முதல் சொல் இடைவெளி இல்லாத ஒரே சொல். ஃபர்ம்வேர் பதிப்பும், சிப்பின் வகையும் வந்தால் வேலை முடிந்தது. ஹேட் பிளஸ்ஸில் சீரியல் நம்பர், பார்ட் நம்பர் இடங்களில் 'என்/ஏ' என்று இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், இயக்கத்துக்கு அதனால் பாதிப்பில்லை.

பை கேமரா இருந்தால் 'ஆர்பிஐகேம்-ஹலோ' நிரலுக்கு, படத்தில் உள்ளவற்றை அடையாளம் காணும் யோலோ மாடலின் ஜேசன் (அமைப்புக்) கோப்பைக் கொடுத்து ஓட்டலாம். யுஎஸ்பி வெப்கேமில் இந்த டெமோவை முயல வேண்டாம்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

பெரும்பாலும் தொல்லை தருவது பதிப்புப் பொருத்தமின்மை. கெர்னல் டிரைவரும் ஹைலோஆர்டி நூலகமும் ஒரே பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். ஹைலோவின் தளத்திலிருந்து ஒன்றை இறக்கி, மற்றதை ஆப்ட் வழியாகப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் 'இன்வேலிட் டிரைவர் வெர்ஷன்' என்று முரண்டு பிடிக்கும். எந்த வழியைப் பிடித்தாலும் முழுக்க அதிலேயே போங்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஆப்ட் போதும் என்பதே என் கருத்து.

'மேக்ஸ் டெஸ்க் பேஜ் சைஸ்' என்று ஒரு பிழை வந்தால் காரணம் வேறு. பை 5-இன் கெர்னல் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகக் கையாள்கிறது, சிப்போ 4 கேபிக்கு மேல் ஏற்காது. ஈடிசி-க்குள் டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஹைலோ_பிசிஐ.கான்ஃப் என்று ஒரு கோப்பை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் ஹைலோ_பிசிஐ ஃபோர்ஸ்_டெஸ்க்_பேஜ்_சைஸ்=4096' என்ற ஒரு வரியை எழுதி ('டெஸ்க்' என்பது டி-இ-எஸ்-சி) ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

பைத்தானில் எழுதப் போகிறவர்கள் மெய்நிகர் சூழலை (ஒரு நிரலுக்கான நூலகங்களைத் தனியாக வைக்கும் இடத்தை) உருவாக்கும்போது 'சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' தெரிவையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஆப்ட் நிறுவிய ஹைலோ நூலகம் அந்தச் சூழலுக்குள் கண்ணிலேயே படாது.