இத்தாலியில் ஊர் ஆக்கள் சாப்பிடும் கடையைப் பிடிப்பது எப்படி?

ரோமின் கொலோசியம் பக்கம் வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிற ஆளும், படம் போட்ட ஆறு மொழி மெனுவும் கண்டால் நிற்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் வீதிக் கடையில் மட்டும் சாப்பிட்டுவிட்டு இதுதான் யாழ்ப்பாணச் சமையல் என்றால் விடுவோமா? நாலு தெரு உள்ளே நடவுங்கள். மெனு சின்னதாக, வெண்கட்டியால் இத்தாலியனில் எழுதியிருந்தால் நல்லது.

நேரமும் காட்டிக்கொடுக்கும். ஊர் ஆக்கள் இரவு 8 மணியளவில்தான் சாப்பிட வருவார்கள், பின்னேரம் 5 மணிக்கே பாஸ்தா போடுகிற கடை பெரும்பாலும் எங்களைப் போன்ற பயணிகளுக்குத்தான். ஊருக்கு ஊர் பாஸ்தாவும் வேறு: ரோமில் கார்பொனாரா, பொலோஞ்ஞாவில் தல்யாத்தெல்லே. எல்லாம் ஒரே மெனுவில் என்றால் எனக்குச் சந்தேகம். பில்லில் 'கோபெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் சண்டை பிடிக்காதீர்கள், அது இருக்கைக் காசு, பல ஊர்களில் வழமைதான்.

சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ போனால் வேலை சுகம், எங்கள் ஆக்கள் அங்கே நிறைய, தமிழிலேயே விசாரிக்கலாம். பல்லாரோ சந்தையில் பனெல்லே கேளுங்கள்: கடலைமாவைக் கிண்டி, ஆறவிட்டு, வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். மரக்கறிக்காரருக்கும் சரி. சம்பல்தான் இல்லை.